ஒன்பதாம் வீட்டில் ஆள் இல்லை

"அந்த வீடுகள்ல குடியிருந்தவங்க பேர்ப் பட்டியல் எனக்கு வேணும்."

நாகலட்சுமி சொன்னது அவளுடைய மேலதிகாரி சிவராமின் காதில் விழுந்தது. விழுந்ததற்கு அடையாளமாக அவன் எழுந்து, கண்டெய்னர் அலுவலகத்தின் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு உனக்கு என்ன சொன்னேன்?"

"மூணு சொன்னீங்க. ஹெல்மெட் போடு. டைமுக்கு வா. அந்தத் தெருவுல யார் இருந்தாங்க, எங்க போனாங்கன்னு யார்கிட்டயும் கேக்காத. முதல் ரெண்டையும் ஒழுங்காத்தான் பண்றேன்."

"மூணாவதுதான் முக்கியம் நாகு."

"அதனாலதான் கேக்கறேன்."

அவன் சிரிக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரன், பத்து வருடமாக ஜெர்மனியில் இருப்பவன், யாரிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதை அப்பாவிடமிருந்தே படித்துக்கொண்டு வந்தவன். நாகலட்சுமியின் வீட்டில் அப்படிச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஜெர்மனியில் ஆஹென் நகரத்தில் எம்.எஸ். முடித்து, மரக் கட்டடங்களை அளப்பதில் தேறி, லைப்சிக் நகரத்துக்கு வெளியே இந்த ஏரிக்கரையில் வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஏரி என்பது மரியாதைக்கு. நிலக்கரி தோண்டி முடித்த பள்ளத்தில் தண்ணீர் விட்டு நிரப்பியது. அந்தக் கரையில்தான் ஒரு சீன ஊரின் ஆற்றங்கரைத் தெரு நின்றது. அங்கே அணை கட்டியபோது முழுகிப்போக இருந்த ஊர். ஒரு ஜெர்மன் அறக்கட்டளை அதில் பதினான்கு வீடுகளை மட்டும் வாங்கி, தூண் தூணாக, ஓடு ஓடாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, ஏரியிலிருந்து ஒரு கால்வாய் வெட்டி அதன் இரு பக்கமும் பழையபடி நிறுத்தியிருந்தது. அடுத்த சனிக்கிழமை திறப்பு விழா. ஒன்பதாம் வீட்டின் மரத்தில் மட்டும் வண்டு விழுந்திருந்தது. அதனால் அந்த வீட்டை முழுக்க வெள்ளை பிளாஸ்டிக்கால் போர்த்தி, காற்றுப் புகாமல் ஒட்டி, மூன்று வாரமாகக் கசிவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை உள்ளே நைட்ரஜனை விடுவார்கள். பிராணவாயு இல்லாமல் வண்டு செத்துவிடும். மூச்சு விடுகிற எதுவும் செத்துவிடும். அதனால் வாயுவைத் திறப்பதற்கு முன் ஒருவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: உள்ளே ஆள் இல்லை.

அந்த ஒருவர், அளவெடுக்கும் இன்ஜினியர். நாகலட்சுமி.

கையெழுத்துக்கு முன்னால் அவள் சென்சார் பதிவுகளைப் பார்த்தாள். சின்ன விஷயம்தான். பூட்டிய வீட்டுக்குள் கரியமில வாயுவின் அளவு வெளிக்காற்றில் இருப்பதுபோல நானூற்றிச் சொச்சத்தில் கோடு கிழித்தாற்போல் கிடக்க வேண்டும். பகலெல்லாம் அப்படித்தான் கிடந்தது. சாயங்காலம் நாலரைக்கு, இந்த நவம்பரில் பொழுது சாய்கிற நேரத்துக்கு, அது ஏற ஆரம்பித்தது. இரவு முழுக்க ஏறியது. காலை ஆறு மணிக்கு மளமளவென்று இறங்கியது. மூன்று வாரமும், ஒரு நாள் தவறாமல்.

"சென்சார் டிரிஃப்ட். கருவி தானா விலகிக் காட்டுது," என்றான் சிவராம்.

"நாலரைக்கு வீட்டுக்கு வரணும், ஆறு மணிக்கு வேலைக்குப் போகணும்னு டிரிஃப்ட்டுக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்மூத் பண்ணி ரிப்போர்ட்ல போடு. டிசம்பரோட உன் கான்ட்ராக்ட் முடியுது. எனக்கு அதை நீட்டிக்கணும்னு ஆசை. நீ கெடுத்துக்காத."

அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தாள். வீட்டின் கொள்ளளவு, மணிக்கு எவ்வளவு ஏறுகிறது, தூங்கும் ஒரு ஆள் எவ்வளவு மூச்சு விடுவார். ஸ்கூல் பிள்ளை போடுகிற வகுத்தல் கணக்கு. விடை ஏழு.

ஏழு பேர்.

அதை அவனிடம் சொல்லவில்லை. நேரில் பார்க்கிறேன் என்று ஹெல்மெட்டை எடுத்தாள். அன்று திங்கட்கிழமை.

*

வாசல் காவல் கூண்டில் வின்சன்ற் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்தைந்தில் பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியவர். இந்த நாட்டில் தான் பார்க்காத வேலை பாதிரியார் வேலை மட்டும்தான் என்று சொல்லிக்கொள்வார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் பழைய சுரங்கத்திலிருந்து கழற்றி வந்த பலகை. அதில் இரண்டு வரிசைக் கொக்கிகள். ஆளுக்கொரு பித்தளைத் தகடு. தெருவுக்குள் போகும்போது உங்கள் தகட்டை மேல் வரிசையிலிருந்து எடுத்துக் கீழ் வரிசையில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் திரும்ப மேலே. கீழ் வரிசையில் தகடு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சுரங்கத்தில் செத்தவர்களை அப்படித்தான் எண்ணினார்களாம்.

நாகலட்சுமி தன் இருபத்தாறாம் எண் தகட்டைக் கீழே மாட்டினாள்.

"நாலரைக்கு முன்னம் வந்திடுங்கோ பிள்ளை."

"ஏன் அண்ணை, பேய் பிசாசா?"

"பேயோ? நாலரைக்கு எனக்கு ஃபைராபெண்ட். வேலை முடிஞ்சுது. அந்த பஸ்ஸை விட்டா அடுத்தது ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான். குளிருக்க நிக்க ஏலாது."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். கல் பாலத்தின் வளைவில் ஏறும்போது சிரிப்பு தானாக நின்றது. கீழே கால்வாய், மையைக் கரைத்து விட்டதுபோல அசையாமல் கிடந்தது. இரு கரையிலும் வெள்ளைச் சுவர்களும் கறுப்பு ஓடுகளும், ஓரங்களில் வானத்தைப் பார்த்து வளைந்த கூரைகளும், தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நீட்டிக்கொண்டு நிற்கும் மாடங்களும், ஒவ்வொரு வாசலிலிருந்தும் தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகளும், திறப்பு விழாவுக்காகத் தொங்கவிட்டு மழைக்குப் பிளாஸ்டிக் பை மாட்டிய சிவப்பு விளக்குகளும், பார்க்கப் பார்க்க அழகாகத்தான் இருந்தன. துணி துவைத்துத் தேய்ந்த கல்லில் வழுவழுப்பு அப்படியே இருந்தது. துவைத்தவர்கள் இல்லை. மரத்துக்குப் பூசிய எண்ணெயின் வாடைக்கு அடியில் ஏரியின் பச்சை வாடை. எல்லாத் தூணிலும் சிவப்புப் பெயின்ட்டில் எண்.

அந்த எண்கள்தான் முதல் நாளிலிருந்தே அவளுக்கு ஆகவில்லை. சென்னையில் கூவம் கரையில் இருந்த அவள் வீட்டுக் கதவிலும் அதே சிவப்பில் ஒரு எண் போட்டிருந்தார்கள். போட்ட ஒரு மாதத்தில் ஜே.சி.பி. வந்தது.

ஒன்பதாம் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கக் கரையில் கடைசிக்கு முந்தையது. வெள்ளை உறைக்குள் வீடு மங்கலாகத் தெரிந்தது, கண்ணில் பூ விழுந்தவர்களின் கருவிழிபோல. வாசலுக்கு நேராக உறையில் ஜிப் வைத்த திறப்பு. மற்ற இன்ஜினியர்கள் சேற்று பூட்ஸோடு உள்ளே போய் வருவார்கள். அவர்களுக்கு அது காட்சிப்பொருள். நாகலட்சுமியால் முடியாது. அடுப்பு இருக்கிற இடத்துக்குள் செருப்புக் காலோடு போக அவள் கால் ஒத்துக்கொள்ளாது. கல்படியில் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஜிப்பைத் திறந்து, முழங்கால் உயர வாசற்படியை மிதிக்காமல் தாண்டி, ஜிப்பை இழுத்து மூடினாள்.

உள்ளே வெளிச்சம் மோர் நிறத்தில் இருந்தது. அடுப்புக்கு மேலே சுவர் கரி பிடித்திருந்தது. கப்பலில் ஏற்றி இறக்கியும் போகாத கரி. பெஞ்சுக்குப் பின்னால் யாரோ தினமும் தலை சாய்த்த இடத்தில் எண்ணெய்க் கறை. தூணில், அவள் இடுப்பு உயரத்திலிருந்து மேலே, பிள்ளைகள் வளர்ந்ததைக் கத்தியால் கீறிய கோடுகள். அவள் டார்ச் அடித்துச் சென்சாரைப் பார்த்தாள். ஒயர் சரி. பேட்டரி சரி. நானூற்றி இருபது. போனில் மணி நாலு இருபத்தைந்து. சரி, ஐந்து நிமிஷம் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம். வெளியே தூறல் விழுந்து பிளாஸ்டிக்கில் பொரிகிற சத்தம்.

முதலில் வந்தது வாசனை. சோறு வடித்த வாசனை. கஞ்சித் தண்ணீரின் ஆவி முகத்தில் அடிக்கிற மாதிரி அவ்வளவு கிட்டத்தில்.

பிறகு வாசற்படிக்கு இந்தப் பக்கம் இருந்த பலகை ஒரு தரம் முனகியது. மரத்தை அளக்கிறவளுக்கு அது தெரியும். குளிரில் மரம் சுருங்குகிற சத்தம் வேறு. எடையைத் தாங்குகிற சத்தம் வேறு.

பலகை மறுபடி முனகியது. மறுபடி. ஒன்று கனமாக. ஒன்று காலை இழுத்து இழுத்து. ஒன்று துள்ளி. அவள் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஏழு.

யாரும் இல்லை. மோர் நிற வெளிச்சம். கரிச் சுவர். பெஞ்ச். ஆனால் அந்த அமைதி காலி வீட்டின் அமைதி இல்லை. விருந்தாளி முதலில் பேசட்டும் என்று எல்லோரும் காத்திருக்கிற அமைதி. கழுத்துக்குப் பின்னால் சூடு. மூச்சின் சூடு.

சென்சாரில் நானூற்றி அறுபது. எழுபது.

அவள் ஓடினாள். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இழுத்துக் கிழிக்காத குறையாகத் திறந்து படியில் குதித்தாள். சாக்ஸ் நனைந்தது. பூட்ஸைத் தேடினாள். படியில் இல்லை. ஓரத்தில் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். வாசற்படிக்கு உள்ளே, சுவரோரமாக, ஜோடி சேர்த்து வைத்திருந்தது. ஒரு துளி ஈரம் இல்லை.

மழை வந்தால் வந்தவர்களின் செருப்பை எடுத்து உள்ளே வைப்பது அவள் அம்மா செய்கிற காரியம்.

கையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு, சாக்ஸோடு பாலம் வரை ஓடினாள். கூண்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பப்போன வின்சன்றின் கண் முன்னால் தகட்டை மேல் வரிசைக்கு மாற்றினாள்.

அன்று ராத்திரியின் கோடு மற்ற ராத்திரிகளைவிடச் செங்குத்தாக ஏறியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை இரண்டு தரம் கணக்குப் போட்டாள். இரண்டு தரமும் எட்டு.

*

புதன்கிழமை மாலை ஸ்டோரிலிருந்து ஒரு உபரி சென்சாரை வீட்டுக்கு எடுத்துப் போனாள். சிவராம் சொல்வதும் சரியாக இருக்கலாம், கருவியே கோளாறாக இருக்கலாம் என்று தனக்கே ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாள். ஒற்றை அறை வீடு. ஜன்னலை மூடி, ஹீட்டரைப் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தாள். மூடிய சின்ன அறையில் ஒரு ஆள் எட்டு மணி நேரம் தூங்கினால் அளவு இரண்டாயிரத்தைத் தாண்டும்.

காலையில் பார்த்தாள். நானூற்றி முப்பது. கோடு கிழித்தாற்போல். ராத்திரி முழுக்க.

அந்த அறையில் யாருமே தூங்கவில்லை என்றது சென்சார்.

பஸ் ஸ்டாப்பில் மைனஸ் மூன்று டிகிரி. நாய் வைத்திருந்த கிழவர், காதில் பாட்டு மாட்டிய பெண், பள்ளிக்கூடப் பை சுமந்த இரண்டு வாண்டுகள், எல்லோர் வாயிலிருந்தும் புகை புகையாக வந்துகொண்டிருந்தது. நாய்க்குக்கூட வந்தது. நாகலட்சுமி கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து ஊதினாள். காற்று கையில் பட்டது. குளிர்ந்த காற்று. புகை இல்லை.

காவல் கூண்டில் வின்சன்ற் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் சென்சாரை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"அண்ணை, இதுல ஊதுங்க."

"என்ன, பொலிஸ் மாதிரி ஊதச் சொல்றியள்? விடியக்காலமை நான் குடிக்கேல்லை பிள்ளை."

"ஊதுங்க அண்ணை."

ஊதினார். எண் துள்ளி ஆயிரத்தைத் தாண்டி, மூவாயிரத்தில் போய் நின்றது. "பாத்தியளே, நான் எவ்வளவு பெறுமதியான ஆள்!" என்றார். கருவி நல்ல கருவி. எண் இறங்கும்வரை காத்திருந்து அவள் ஊதினாள். கன்னம் வலிக்க ஊதினாள்.

நானூற்றி முப்பது.

மறுபடி ஊதினாள். நானூற்றி முப்பது.

வின்சன்ற் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவள் வாயைப் பார்த்தார். தன் வாயிலிருந்து போகிற புகையைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையைக் கைகாட்டினார். குரலில் கேலி இல்லை.

"திங்கக்கிழமையிலை இருந்து சொல்லுவமெண்டு இருந்தனான். உங்கட தகட்டை நீங்கள் மேலைதான் மாட்டிட்டுப் போனனீங்கள், என்ரை கண்ணால கண்டனான். விடிய வந்து பாத்தா கீழை தொங்குது. நான் எடுத்து மேலை மாட்டுறன். அடுத்த நாள் திரும்பவும் கீழை." அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. நீங்களும் சொல்லாதேங்கோ. எனக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு பென்சனுக்கு."

இருபத்தாறு. கீழ் வரிசையில். காற்றே இல்லாத கூண்டுக்குள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அன்று உறையின் ஓரத்தில் ஒட்டு வேலை பார்த்தபோது கட்டர் கத்தி அவள் வலது கட்டைவிரலைக் கீறியது. வின்சன்ற் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு நீல பிளாஸ்டர் எடுத்து ஒட்டிவிட்டார். விரலைத் தொட்டவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுச் சூடேற்றிக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சிவராம் இரண்டு தாள்களை மேஜையில் வைத்தான். ஒன்று அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாள். இன்னொன்று போட்டோகாப்பி.

"நீ கேட்ட பட்டியல். ஆர்க்கைவ்ல ஒரு ஆளைக் கெஞ்சி வாங்கினேன். பாத்துட்டு மறந்துடு. அதுக்கப்புறம் சைன் பண்ணு. வெளில நைட்ரஜன் ஆளுங்க நிக்கறாங்க."

பேர்கள் சீனத்தில். பக்கத்தில் ஜெர்மனில் மொழிபெயர்ப்பு. முதல் வீடு, ஐந்து பேர், புதுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். இரண்டாம் வீடு, நான்கு பேர், மாற்றப்பட்டனர். விரலை வைத்துக்கொண்டே இறங்கினாள். எட்டாம் வீடு, ஆறு பேர். பத்தாம் வீடு, மூன்று பேர்.

நடுவில் ஒன்பது. பேர் இல்லை. ஆட்கள்: பூஜ்யம். குறிப்பு: பூட்டியிருந்தது.

நாகலட்சுமி அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கூவம் கரையில் அவள் வீட்டுக் கதவிலும் எண்ணுக்குக் கீழே சாக்பீஸில் அதையே எழுதியிருந்தார்கள். பூட்டு. ஆள் இல்லை. அம்மா வீட்டு வேலைக்குப் போயிருந்தாள், நாகு ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அப்பா நைட் டியூட்டி வாட்ச்மேன். பகலில் தூங்குகிறவரை யாரும் எழுப்பக் கூடாதென்று அம்மா வெளியே பூட்டிவிட்டுத்தான் போவாள். அந்தக் கரையில் நைட் டியூட்டிக்காரர்கள் வீடு எல்லாமே பகலில் வெளிப்பூட்டுதான். கணக்கெடுக்க வந்தவர் பூட்டைப் பார்த்தார், எழுதினார், போய்விட்டார். ஒரு மாதம் கழித்து அதே பூட்டைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை விட்டார்கள். சுவர் மேலே விழுந்துதான் அப்பா கண் விழித்தார். ஒரு கை போயிற்று. பெரும்பாக்கத்தில் மாற்று வீடு கேட்டுப் போனபோது, உங்க வீட்டில்தான் ஆளே இல்லையே என்று தாளைக் காட்டினார்கள்.

அந்தத் தாளின் கீழே ஒரு கையெழுத்து இருந்தது. யாரோ ஒரு இன்ஜினியர்.

"நாகு. சைன்."

"உள்ள ஆள் இருக்கு."

"நாகு..."

"ஸ்கிரீனைப் பாருங்க."

நாலரை ஆகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பலாக வடிந்துகொண்டிருந்தது. ஸ்கிரீனில் கோடு தலையைத் தூக்கியது. சிவராம் பார்த்தான். உதட்டை நக்கிக்கொண்டான்.

"சரி, இருக்கு. எத்தனை பேர்?" கிண்டலாகக் கேட்க நினைத்தான், வரவில்லை.

"எட்டு."

"ஏழுன்னு உன் நோட்ல பாத்தேன்."

பார்த்திருக்கிறான். அப்படியென்றால் தெரிந்திருக்கிறது. நாகலட்சுமி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். அவன் காபிக் கோப்பை வைத்திருந்த இடத்தில் கண்ணாடி பனி பூத்திருந்தது. அதற்குப் பக்கத்தில், சுத்தமான கண்ணாடியில், மூக்கு ஒட்ட நின்று ஊதினாள். நீளமாக. கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது. அதில் இருட்டு தெரிந்தது, கால்வாய் தெரிந்தது, வெள்ளை உறை தெரிந்தது.

"எட்டாவது யாருன்னு கேக்க மாட்டீங்களா சிவராம்?"

கண்ணாடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்க்காமல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவள் போட வேண்டிய இடத்தில் அவனே கையெழுத்துப் போட்டான். எத்தனையோ தாளில் போட்ட கையெழுத்து.

"உன் தகட்டை மத்தியானமே நான் என் கையால மேல மாட்டிட்டேன். போர்டு க்ளியர். உள்ள யாரும் இல்ல. நான் எதையும் பாக்கல, நீயும் பாக்கல." வாக்கிடாக்கியை எடுத்து ஜெர்மனில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

தூரத்தில் ஒரு வால்வு திறந்தது. சீறல்.

நாகலட்சுமியின் நெஞ்சில் யாரோ விரலால் அழுத்தியதுபோல இருந்தது. லேசாக. பிறகு இன்னும் கொஞ்சம்.

மேஜையில் கட்டர் கத்தி கிடந்தது. அதை எடுத்தாள்.

"இப்ப நீ வெளிய போனா திரும்பி வர முடியாது நாகு. வேலை, விசா, எல்லாம். யோசிச்சுக்கோ."

"நான் யோசிச்சுப் பாத்துட்டேன். ஏழாம் கிளாஸ்லயே."

கதவைத் திறந்து வெளியே நடந்தாள். சாத்தவில்லை.

காவல் கூண்டைத் தாண்டும்போது பித்தளை கணகணத்தது. கீழ் வரிசை. இருபத்தாறு. ஆடிக்கொண்டிருந்தது. நைட்ரஜன் வேலைக்காக அன்று பஸ்ஸை விட்டிருந்த வின்சன்ற் எழுந்து நின்றார், வாயைத் திறந்தார். அவர் வாயிலிருந்து புகை மட்டும் வந்தது.

பாலம். கறுப்புத் தண்ணீர். சிவப்பு எண்கள்.

வளைவின் உச்சியில் அவளுக்கு அது தெரிந்தது. நைட்ரஜன் ஏறுகிற உறை பலூன்போல உப்பி நிற்க வேண்டும். உப்பவில்லை. உள்வாங்கியது. வெளியே தள்ளியது. உள்வாங்கியது. வீடு முழுக்க ஒரே உடம்பாக மூச்சு வாங்கியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக. ஒவ்வொரு தடவையும் அவள் நெஞ்சும்.

வெள்ளை பிளாஸ்டிக்கில், உள்ளிருந்து, கைகள். அழுத்திய உள்ளங்கைகள். மேலே இரண்டு. கீழே நடுங்கும் ஒன்று. வரிசையாக மூன்று. அவள் இடுப்பு உயரத்தில் சின்னதாக ஒன்று.

ஜிப்புக்குப் பக்கத்தில் எட்டாவது கை. வலது கை. தட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலில் நீல பிளாஸ்டர்.

அவள் தன் விரலைப் பார்த்தாள். நீல பிளாஸ்டர்.

கத்தியின் அலகை மூன்று கணு வெளியே தள்ளினாள். பாலத்திலிருந்து இறங்கி நடந்தாள். மைனஸ் ஐந்து டிகிரி. திறந்த வாயிலிருந்து புகை வரவில்லை. எதிரே உறை உள்வாங்கியது. ஒட்டிக்கொண்டது. மறுபடி வெளியே உப்பவில்லை.

எட்டாவது கை மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.